மஞ்சப்பானைக்கு அறுபது மார்க்

"ஏத்த மாட்டேண்டா ஏத்த மாட்டேன் மதினி. நீங்க என்ன சொன்னாலும் இந்தப் போட்டுல எடமில்ல."

"ஒன்னைய யாருடா எடம் கேட்டா? நான் பாட்டுக்கு முன்னால அணியத்துல ஒக்காந்துக்கிறேன்."

"அந்தப் பானையில கேமரா இருக்கு. ஒங்க மூஞ்சி அதுல விழுந்துச்சுண்டா ஒங்க பாசி அனுமதி அட்டையும் போச்சு, என் லைசென்ஸும் போச்சு."

"முக்காடு போட்டுக்கிறேன்."

"நடுக்கடல்ல முக்காடு போட்ட பொம்பள! அதுக்குப் பேரு ஊரோட எழுதி நெத்தியில ஒட்டிக்கிட்டே வாங்க."

ஐஸ் கம்பெனிச் சுவருக்கு இந்தப் பக்கம் பேட்டரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த வியானி கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். ஆண் குரல் தெரிந்ததுதான். அவர் இன்றைக்கு வாடகைக்குப் பேசியிருந்த படகின் ஓட்டி நம்புராஜன். பெண் யாரென்று தெரியவில்லை.

"அது பொய் சொல்லுதுடா நம்பு. தண்ணி ஆறிப் போயி இருவது நாளாச்சு. கரையில நிண்டு காலை வச்சாலே தெரியுது. அந்த மஞ்சப்பானை மட்டும் இன்னும் காய்ச்சக்காரனாட்டம் பெனாத்திக்கிட்டிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்கும் பெயிலுண்டு போட்டுச்சுண்டா ரெண்டு வருசம். ரெண்டு வருசம்டா! எம்பது பொம்பளையும் எங்க போறது?"

வியானி பெட்டியை மூடினார். மஞ்சப்பானை என்று இந்த ஊர்ப் பெண்கள் சொல்வது எதை என்று அவருக்குத் தெரியும். அதைப் பழுது பார்க்கத்தான் தூத்துக்குடியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருக்கிறார்.

கொம்புத்தீவுக்குத் தெற்கே, பார் என்று கடற்கரைக்காரர்கள் சொல்லும் பவளப்பாறையின் விளிம்பில், ஆள் உயரத்துக்கு மஞ்சளாக மிதந்துகொண்டிருக்கிறது அந்த மிதவை. இதுபோல மொத்தம் இருபத்துமூன்று, வேறு வேறு ஊர்க் கடல்களில். எல்லாவற்றையும் முறை வைத்துச் சுற்றிப் பராமரிப்பது வியானி ஒருவர்தான். மிதவை தண்ணீரின் சூட்டை அளக்கும், உப்பை அளக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அடியில் தொங்கும் மைக்கால் பாரின் சத்தத்தைக் கேட்கும். உயிருள்ள பவளப்பாறை ஒருநாளும் சும்மா இருக்காது. அதில் குடியிருக்கிற சின்னச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கிச் சொடுக்கி, எண்ணெயில் கடுகு பொரிவது போல ஓயாமல் ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். மிதவை இரண்டு வருடம் அதைக் கேட்டது. பார் நன்றாக இருக்கும்போது கடல் எப்படிக் கேட்கும் என்று தானாகவே கற்றுக்கொண்டது. பிறகு மார்க் போட ஆரம்பித்தது.

நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே போனால் கடல் மூடல். அதற்கு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட வேண்டாம். மனிதன் கையெழுத்துப் போட்டால் மனிதனை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்று சொல்லித்தான் சட்டத்தையே அப்படி எழுதினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாலை நாலு மணிக்கு என்ன மார்க்கோ அதுதான் தீர்ப்பு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் இரண்டு வருட மூடல். இரண்டு தவறியாயிற்று. இன்றைக்கு மூன்றாவது.

வியானி சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நாற்பது வயதைத் தாண்டிய பெண், சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் தண்ணிக் கண்ணாடி தொங்கியது. முங்கிக் கடல்பாசி எடுக்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பேரென்னக்கா?"

"முத்துராக்கு."

"முங்குவியளா?"

அவள் நம்புராஜனைப் பார்த்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "மீனப் பாத்து நீந்துவியாண்டு கேக்குறீக சார்."

"எனக்கு வரவேண்டிய முக்குளிக்கிற பையனுக்குக் காதுல சீழாம், வரல. மிதவைக்கு அடியில கொட்டலசுச் சிப்பி ஒட்டி மண்டிப் போய்க் கெடக்கும், யாராவது சொரண்டணும். உதவியாள்னு எழுதிக்கிடுதேன். சர்வீஸ்ல போட்டா நாலு மணி வரை கேமரா தூங்கிரும். ஒரே ஒரு விசயம். மிதவை சரியாத்தான் சொல்லுதுன்னு தெரிஞ்சா நான் சரின்னுதான் எழுதுவேன். பெறவு எங்கிட்ட சண்டைக்கு வரப்பிடாது."

"சரியாச் சொன்னா நான் ஏன் தம்பி சண்டைக்கு வாறேன்?" என்று படகில் ஏறி, சொன்னபடியே அணியத்தில் போய் உட்கார்ந்தாள்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்திருந்த மத்தியானம். ஒன்றேகால் மணிக்கு படகை மிதவையோடு ஒட்டி நிறுத்திக் கயிறு போட்டார்கள். வியானி பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். சூரியத் தகடு முழுக்க நீர்க்காக்கை எச்சம். தேய்த்துக் கழுவினார். பேட்டரி நன்றாக இருந்தது. ஒரு முனையில் மட்டும் நசநசத்திருந்ததால் மாற்றிவிட்டார். சோதனைத் தெர்மாமீட்டரை மிதவையின் சூடுமானிக்குப் பக்கத்திலேயே இறக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே எண். முத்துராக்கு சொன்னது சரி, தண்ணீர் ஆறித்தான் இருந்தது. உப்பும் சரி. சங்கிலியும் சரி. லேப்டாப்பில் மார்க் ஐம்பத்தொன்று.

முத்துராக்கு விரல்களில் துணி சுற்றி, துடுப்பு மாதிரி காலில் தட்டைக் கட்டி, சுரண்டியோடு இறங்கினாள். அடியிலிருந்து 'கரக் கரக்' என்று வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் மார்க், அவள் கீழே இருந்தபோது ஐம்பத்துமூன்று ஆனது.

"ஆஹா, அடைப்புத்தான் போலிருக்கு" என்றார் வியானி. அவள் ஏறி வந்து தண்ணீர் குடித்தாள். மார்க் மறுபடி ஐம்பத்தொன்று.

வியானி தாடையைச் சொறிந்தார். "எக்கா, இன்னொரு தடவ சொரண்டுங்க."

சுரண்டினாள். மாறவே இல்லை.

"மொதல்ல எறங்குனப்ப வேற என்ன செஞ்சிய? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஒண்ணுமில்ல தம்பி. கையி பழக்கத்துல கல்லத் தட்டிப்பிட்டேன்."

"என்ன கல்லு?"

இடுப்புப் பையிலிருந்து இரண்டு வெங்கச்சாங்கல்லை எடுத்துக் காட்டினாள். "நாங்க ஒத்தையா முங்க மாட்டோம். ஜோடி ஜோடியாத்தான். அடியில பாசிக்குள்ள தலைய விட்டா ஆளு தெரியாது. அதனால ரெண்டு தட்டு. நான் இருக்கேண்டு அர்த்தம். அவ ரெண்டு தட்டுவா. சத்தம் வரலைண்டா பாசியப் போட்டுட்டுத் தேடிப் போகணும். எஞ்சோடி அன்னப்பூ கரையில கெடக்கா, நான் பாட்டுக்குக் கிறுக்கியாட்டம் தட்டிருக்கேன்."

வியானி லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு மிதவையின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மார்க் தொண்ணூறு வாங்கிய நாட்கள். காதில் மாட்டும் கருவியைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார்.

கடுகு பொரிந்தது. அதற்கு நடுவே, பக்கத்திலும் தூரத்திலும், ஒன்றுக்கு ஒன்று பதிலாக, டக் டக். டக் டக்.

முத்துராக்கு வாயில் கை வைத்தாள். "அது நாங்கதான்."

"நீங்க எந்த நாள்ல எறங்குவியக்கா?"

"மாசத்துக்குப் பன்னெண்டு நாளு. நாங்களாக் கூடிப் பேசி வச்சது. காத்து அடங்கி, தண்ணி தெளிஞ்சு, குளுந்து கெடக்குற நாளாப் பாத்துத்தான்."

"அதான். நீங்க எறங்குத நாளெல்லாம் பாருக்கும் நல்ல நாளு. இந்த மிதவை ரெண்டு வருசம் படிச்சப்ப கடுகுச் சத்தத்தோட ஒங்க கல்லுச் சத்தத்தையும் சேத்துப் படிச்சிருக்கு. கல்லுச் சத்தம் கேட்டா பாரு நல்லாருக்குன்னு முடிவு பண்ணிருக்கு. அதுக்கு மனுசன் எது, இறால் எதுன்னு தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கலியே."

நம்புராஜன் புருவத்தைச் சுருக்கினான். "இருங்க சார். ஏப்ரல் கடைசியில தண்ணி சூடாக் காஞ்சுச்சு, அது மூடுச்சு. அது சரி?"

"சரிதான்."

"மூடுனதால இவுக எறங்கல. இவுக எறங்காததால கல்லுச் சத்தம் இல்ல. கல்லுச் சத்தம் இல்லாததால மார்க்கு ஏறல. மார்க்கு ஏறாததால..."

"மூடிக்கிட்டே இருக்கு."

"நாசமாப் போச்சு! கதவப் பூட்டிட்டு, வீட்டுக்குள்ள ஏன் ஆளக் காணோம்ண்டு கேக்குறதுல்ல இது!"

வியானி ஸ்பீக்கரில் சென்னைக்கு ஃபோன் போட்டார். அலுவலகத்தில் இந்த மிதவைகளின் கணக்கீட்டைப் பார்ப்பவர் அபிநயா மேடம். முப்பது வயதுதான் இருக்கும், கெட்டிக்காரி. பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஐயோ. வியானி சார், அந்தப் பதிவை எல்லாம் இப்பவே அனுப்புங்க."

"அனுப்பிட்டேன் மேடம். நாலு மணித் தீர்ப்ப நிறுத்தலாமா?"

"அதை நிறுத்தறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல. அப்படி இருக்கக் கூடாதுன்னுதானே சட்டம். கமிட்டிக்கு எழுதணும், மறுபடி பழக்கணும், எட்டு மாசம் ஆகும். அதுவும் ஒரே ஒரு மிதவைன்னா, அது அந்த மிதவையோட கோளாறுன்னு ஃபைல்ல போட்டு மூடிடுவாங்க. எல்லா இடத்துலயும் இப்படின்னு காட்டினாதான் சட்டத்தையே தொடுவாங்க."

"எட்டு மாசம் கழிச்சாவது தெறப்பாவளா?"

"ரெண்டு வருஷ மூடல் விழுந்துட்டா திருப்பி எடுக்க வழியே எழுதல, சார். நீங்க எதுவும் செய்யாதீங்க. தயவுசெஞ்சு."

ஃபோனை வைத்தபோது இரண்டே முக்கால். முத்துராக்கு ஏற்கெனவே கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்க தட்டுனது முன்னாடி எங்கேயிருந்து? பாருக்கு உள்ளயிருந்துதானே? போட்டை அங்க விடு நம்பு. மணிக்கணக்காத் தட்டுறேன். அறுபதென்ன, எழுபதே வாங்கித் தாறேன்."

"எக்கா, அது ஏமாத்து."

"ஒரு மாசமா அது எங்கள ஏமாத்துச்சே, அதுக்கு என்ன பேரு தம்பி?"

வியானி பதினெட்டு வருடமாக மிதவைகளோடு கிடக்கிறவர். ஒருநாளும் ஒரு அளவைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. வேலையில் அது ஒன்றுதான் தன் சொத்து என்று நினைத்திருந்தார். படகு பாருக்கு உள்ளே போகும்போது வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒத்தையா முங்க மாட்டோம்னு சொன்னியளே?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னைக்கு வேற வழியில்லையே."

"கல்லு இன்னொரு ஜோடி இருக்கா?"

நங்கூரக் கயிற்றின் பக்கம் கிடந்த பாரக்கல் இரண்டை நம்புராஜன் எடுத்துக் கொடுத்தான். வியானி படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். முத்துராக்கு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து டக் டக் என்று வந்தது. அவர் இரண்டு கல்லையும் மோதினார். டக் டக்.

"நல்ல ஜோடி" என்றான் நம்புராஜன். "அன்னப்பூ மதினி கேள்விப்பட்டா கோவிச்சுக்கிரும்."

அவள் ஒரு மூச்சுக்குக் கீழே போவாள், தட்டுவாள், வேறு இடத்தில் வந்து தலை தூக்குவாள். நாலைந்து பேர் இருக்கிற மாதிரி இடம் மாற்றி மாற்றித் தட்டினாள். மூன்று பத்துக்கு மார்க் ஐம்பத்துநாலு. மூன்று இருபதுக்கு ஐம்பத்தாறு. மூன்று முப்பதுக்கு ஐம்பத்தெட்டு. நம்புராஜன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு சத்தம் நின்றது.

வியானி தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். தண்ணீரின் மேல் வெயில் மட்டும் கூசியது. "நம்பு, எவ்வளவு நேரமாச்சு?" நம்புராஜன் சிரிப்பை விட்டிருந்தான். "ஒரு நிமிசத்துக்கு மேல சார்." வியானி விரல் நசுங்குகிற வேகத்தில் தட்டினார். டக் டக், டக் டக், டக் டக். நம்புராஜன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு விளிம்பில் ஏறி நின்றான்.

இருபது அடி தள்ளி அவள் தலை தெரிந்தது. மூச்சு வாங்கினாள், ஆனால் கை கால் உதறவில்லை. மெதுவாக நீந்தி வந்து படகைப் பிடித்துக்கொண்டாள். ஏறவில்லை.

"என்ன மதினி! உசிரே போயிருச்சு. தட்டுங்க, இன்னும் ரெண்டே மார்க்கு!"

"வெளுத்துக் கெடக்குடா."

"என்ன வெளுத்து?"

"பாரு. அந்த மேக்கால ஒரு பள்ளம் இருக்குல்ல, அங்க போனேன். மான்கொம்பு, மூளைப் பாறை, எல்லாம் உப்பு மாதிரி வெள்ளை வெளேர்ண்டு கெடக்கு. ஏப்ரல்ல காஞ்சுச்சே, அதுல அவிஞ்சிருக்கு. தண்ணி ஆறிப்போச்சு, பாரு இன்னும் ஆறல." அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "செத்துப் போகல. தொட்டுப் பாத்தேன், வழுவழுண்டு சதை இருக்கு. என் சின்ன வயசுல ஒருக்கா இப்புடி ஆச்சு. மூணு நாலு மாசம் யாரும் மிதிக்காம விட்டோம், நெறம் திரும்பிருச்சு. இப்ப எம்பது பேரு எறங்கி காலை ஊண்டிப் பாசியப் பிச்சோம்ண்டா அப்பளமா நொறுங்கிரும்."

வியானி லேப்டாப்பைப் பார்த்தார். மிதவை தவறான காரணத்துக்காகச் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதுல மூணு மாசம் மூடுறதுக்கு வழி இருக்கா தம்பி?"

"இல்லக்கா. அறுபதுக்கு மேலன்னா தெறப்பு. இல்லேன்னா ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசம்." அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள்.

வியானி மனதில் பட்டதை மறைக்கவில்லை. "பாருக்கு அது நல்லதுதானக்கா? இப்படியே விட்டுட்டா?"

"விடுறதாவது சார்!" என்று நம்புராஜன் பாய்ந்தான். அவள் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"பாருக்கு நல்லதாத்தான் இருக்கும். மொத வருசம். ரெண்டு வருசம் எறங்கலைண்டா எங்க அனுமதி அட்டை செத்துப்போகும். பாதிப் பேரு திருப்பூருக்குப் போயிருவாளுக, மீதிப் பேரு செங்கச் சூளைக்கு. அப்புறம் வெளியூர் விசைப்படகு கேமராவுக்குத் தார்ப்பாயப் போட்டுட்டு பாருக்கு மேலயே மடி வலையப் போட்டு இழுப்பான். போன வருசம் ஒருத்தன் வந்தான். யாரு தொரத்துனது? நாங்க இருவது பேரு மிதந்துக்கிட்டே கூப்பாடு போட்டோம், ஓடுனான். இந்தப் பானையா கூப்பாடு போடும்?"

மூன்று நாற்பது. மார்க் ஐம்பத்தாறாக இறங்கியிருந்தது.

"தெறந்துட்டா ஒங்க ஆளுவ எறங்காம இருப்பாவளா? ஒரு மாசம் பட்டினி கெடந்திருக்காவ."

"பன்னெண்டு நாளுண்டு வச்சது யாரு சொல்லி வச்சோம்? நாங்களாத்தான்." சொல்லிவிட்டு, குரல் இறங்கி, "ஆனா கேப்பாளுகளாண்டு தெரியல தம்பி. நெசமாவே தெரியல" என்றாள்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். இந்த முறை வெளுத்த பள்ளத்தின் பக்கம் போகவில்லை. மணல் தரையைத் தேடி, எதையும் மிதிக்காமல், தொங்கியபடியே தட்டினாள். வியானி தோள் மரத்துப் போகும் வரை பதில் தட்டினார். நம்புராஜன் லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் படுத்து, இரண்டு ஸ்பானரை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். மூன்று ஐம்பதுக்கு ஐம்பத்தொன்பது.

நாலு மணிக்கு அறுபத்தொன்று. திரையில் பச்சை எழுத்து வந்தது. திறப்பு.

யாரும் கை தட்டவில்லை.

கரையில் செய்தி அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ஃபோன் எல்லோரிடமும் இருக்கிறதே. அத்தனை பெண்களும் படகுத்துறையில் நின்றார்கள். ஒருத்தி குலவை போட்டாள். வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிய ஒருத்தி முட்டளவு தண்ணீருக்கே ஓடி வந்து முத்துராக்குவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள்தான் அன்னப்பூவாக இருக்க வேண்டும்.

"விடிய அஞ்சு மணிக்குப் போட்டு! எல்லாரும் சொல்லி வச்சாச்சு!"

"அன்னப்பூ, எல்லாரையும் ஒக்காரச் சொல்லு" என்றாள் முத்துராக்கு.

வியானி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது பின்னால் கூச்சல் கிளம்பிவிட்டது. "நீ யாருடி சொல்றதுக்கு?" என்று ஒரு குரல். "தெறக்க வச்சுட்டு எறங்காதேங்கிறா, கடலுக்குள்ள எதும் அடிச்சிருச்சா இவளுக்கு?" என்று இன்னொரு குரல். முத்துராக்குவின் குரல் மட்டும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் வழியில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே தூத்துக்குடி வீட்டில் லேப்டாப்பைத் திறந்து மிதவையின் மைக்கோடு இணைத்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. டக் டக் கேட்டால் பெண்கள் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வெளுத்த பாரின் மேல் நூற்றறுபது கால்கள்.

கடுகு பொரிந்தது. அவ்வளவுதான். ஏழு மணி வரை, எட்டு மணி வரை, கடுகுச் சத்தம் மட்டும்.

அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். எண்பது பேரில் ஒருத்தி கூட இறங்கவில்லை. வியானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி "என்ன, அழுதியளா?" என்று கேட்டாள். "இல்ல, தூசி" என்றார்.

நாலாம் நாள்தான் மார்க்கைப் பார்த்தார். ஐம்பத்தேழு.

கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெண்கள் பாரைக் காப்பாற்ற வெளியே நிற்கிறார்கள். வெளியே நிற்பதால் கல் சத்தம் இல்லை. கல் சத்தம் இல்லாததால் மார்க் இறங்குகிறது. இன்னும் பதினொரு நாளில் அடுத்த தீர்ப்பு. அதில் தவறினால் மறுபடி மூடல், மூன்று தவறு சேர்ந்துவிட்டால் அதே இரண்டு வருடம். இறங்கி நொறுக்கினால் மிதவை பாராட்டும். விலகி நின்று காத்தால் தண்டிக்கும்.

முத்துராக்குவை ஃபோனில் பிடித்துச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, சந்தோஷமில்லாத சிரிப்பு.

"அண்டைக்கு எப்புடிச் சம்மதிக்க வச்சேண்டு தெரியுமா தம்பி? அரை மணி நேரம் வஞ்சாளுக. அன்னப்பூ என் சட்டையப் புடிச்சுக் கிழிச்சுட்டா. கடைசியில இருட்டுறதுக்குள்ள அவளையே கூட்டிப் போயி அந்தப் பள்ளத்தக் காட்டுனேன். வந்து அவதான் எல்லாத்துக்கும் சொன்னா. எம்பது பேரும் ஒத்துக்கிட்டாளுக. இப்ப நான் போயி, நீங்க ஒத்துக்கிட்டதால கடலு போச்சுடிண்டு சொல்லணுமா?"

"பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா நான் வாரேன்க்கா. ரெண்டு பேருமாத் தட்டிட்டுப் போயிருவோம். யாருக்கும் தெரியாது."

அதைச் சொல்லும்போதே அவருக்கு உள்ளே கூசியது. மற்ற இருபத்திரண்டு மிதவைகளிலும் ஓடுவது இதே கணக்கீடுதான். அதில் ஒன்பது கடல்கள் இப்போது மூடிக் கிடக்கின்றன. அங்கே யார் இறங்கிக்கொண்டிருந்தார்கள், எந்தச் சத்தத்தை அந்த மிதவைகள் கேட்டுப் படித்தன, யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் பேட்டரியை மாற்றிவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

அவளுக்குப் பின்னால் யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது.

"தம்பி, நாம தட்டி இதத் தெறந்துக்கிட்டே இருக்கலாம். மத்த ஊருல தட்டுறதுக்கு யாரு இருக்கா? உள்ளதை எழுதுங்க. நான் தட்டுனேண்டும் எழுதுங்க, எம் பேரையும் போடுங்க. ஆனா ஒத்தையா எழுதாதீக. ஒத்தப் பானைண்டா மூடிருவாகண்டு அந்தச் சென்னைப் பிள்ளை சொல்லுச்சுல்ல?"

அன்று சாயங்காலம் வியானி அறிக்கையை எழுதினார். மிதவை கேட்டுப் படித்தது எதை என்று எழுதினார். தான் பாரக்கல்லைப் பிடித்துத் தட்டியதையும் மறைக்காமல் எழுதினார். அது தன் வேலையின் கடைசி அறிக்கையாக இருக்கலாம் என்று தெரிந்தே எழுதினார். எழுதி முடித்தும் அனுப்பவில்லை. பதினெட்டு வருடத்தில் தன்னை ஏற்றிப்போன அத்தனை படகோட்டிகளின் எண்களையும், மீனவர் குழுக்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, முதலில் இதை அனுப்பினார்:

"வணக்கம். நான் வியானி, மிதவை ரிப்பேருக்கு வாரவன். ஒங்க கடல்ல மஞ்ச மிதவை நிக்குதா? அத அங்க கொண்டாந்து போட்டப்ப தண்ணிக்குள்ள யாரு எறங்கிக்கிட்டிருந்தாவ? சங்கு எடுக்கவங்களா, பாசி எடுக்கவங்களா, தூண்டிக்காரங்களா? கல்லு, துடுப்பு, கொம்பு, என்ன சத்தம் போட்டாவ? மூடுன பெறவு அந்தச் சத்தம் நின்னு போச்சா? இன்னொன்னும் கேக்கேன். ஒங்க பாரு இப்ப என்ன நெறத்துல இருக்கு? மிதவை சொல்லுதத எழுதாதிய, கண்ணால பாத்தத எழுதுங்க. ரெண்டு வரி போதும். பேரு போட இஷ்டமில்லேன்னா வேண்டாம். பதினோரு நாளுதான் இருக்கு. இதப் படிச்சவங்க தயவுசெஞ்சு பதில் போடுங்க."